நாணை இழுத்தபடி நின்ற மாறன்

வில் பிடித்த கையாலேயே அகப்பையும் பிடித்த என் யோகனுக்கு,

முதலில் உமக்கு நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மாறன் கையை இறக்கிவிட்டான். தோளில் கொஞ்சம் உளைவு. மற்றபடி சுகம்.

நீர் இருக்கிற இடத்தில் உமக்கு இந்த ஒரு யோசனைதான் இருக்கும் என்று தெரிந்துதான் இதை முதலில் சொல்கிறேன். ஒரு மனிதன் தன் தொடர்கதையின் நாயகனை, வில்லில் அம்பைப் பூட்டி, நாணைக் காதுவரை இழுத்து, எதிரியின் கழுத்துக்குக் குறிவைத்த நிலையில் நிறுத்திவிட்டு, கீழே ‘தொடரும்’ என்றும் போட்டுவிட்டு, அடுத்த கிழமையே மாரடைப்பில் போய்விடலாமா? எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் படிப்பித்தவன் நான். முடிவுரை எழுதாமல் இப்படி எழும்பிப் போன பிள்ளையைக் கண்டதில்லை.

நீர் போன பிறகு பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் என்னால் தலைகாட்ட முடியவில்லை. மெட்ரோப் படியால் இறங்கினால் போதும், பிடித்துக்கொள்வார்கள். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற ஓர் அம்மா கேட்டா:

“மாஸ்ரர், உங்கடை சிநேகிதரின்ரை ஆள் இன்னும் நாணை இழுத்தபடிதானே நிக்கிறான்? கை நோகாதோ?”

“நோகும்தான் அம்மா.”

“அப்ப விடச் சொல்லுங்கோவன். எனக்கும் நித்திரை வருகுதில்லை.”

சலூன் தம்பி இன்னும் ஒருபடி மேலே போனார். முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர், கத்தியை என் கழுத்தில் வைத்தே இடம் காட்டினார். “இஞ்சை, மாஸ்ரர். நெஞ்சுக் கவசத்துக்கும் தலைக் கவசத்துக்கும் நடுவிலை ஒரு விரல் இடைவெளி இருக்கெண்டு யோகண்ணை எழுதினவர். இஞ்சைதான் அம்பு இறங்க வேணும். என்ன சொல்லுறியள்?”

நான் ஓம் ஓம் என்றேன். அந்த நிலையில் வேறு என்ன சொல்வது?

இந்தப் பத்திரிகையில் உம்முடைய தொடர் வந்த அதே பக்கத்தில்தான் இந்தக் கடிதமும் வருகிறது. ஆகவே உம்மை அறியாதவர்களும் இதை ஒட்டுக்கேட்பார்கள். அவர்களுக்காக இடைக்கிடை விளக்கம் சொன்னால் பொறுத்துக்கொள்ளும். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், பழக்கத்திலிருந்து அல்ல.

‘பிக்கார்டியில் ஒரு வில்லாளி’ என்று தலைப்பு வைத்தீர். நூறாண்டுப் போர் நடந்த காலத்துப் பிரான்சு. அங்கே வில்வீரர் கூட்டம் ஒன்றில், மன்னாரில் முத்துக் குளிக்கும் சலாபத்துக்குக் காவல் நின்ற மாறன் வந்து சேருகிறான். முதல் அத்தியாயத்தை உம்முடைய உணவகத்தின் பின்கதவடியில், வெங்காய மூட்டை மேல் இருந்து வாசித்துக் காட்டினீர். நான் ஆசிரியன் அல்லவா? உடனே கேட்டேன்.

“யோகன், அந்தக் காலத்திலை மன்னாரிலை இருந்து ஒருத்தன் பிரான்சுக்கு எப்பிடி வந்திருப்பான்?”

“நீர் எப்பிடி வந்தனீர்?”

“நான் ஏஜென்சியிலை வந்தனான்.”

“அவனும் அப்பிடித்தான். அரபுக் கப்பல்காரன் ஒருத்தன் ஏஜென்சி செய்தவன். வெனிசிலை கொண்டுவந்து இறக்கிப்போட்டு, ‘இதுதான் பிரான்சு’ எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான்.”

என்னையும் ஒருவன் ஒரு பனிக் காலையில் வேறு ஒரு நாட்டில் இறக்கிவிட்டு இதேபோல்தான் சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டாம் அத்தியாயத்தில் மாறன், கோட்டை வாசலில் அனுமதி முத்திரைக்காக விடியும் முன்பே வரிசையில் நிற்கிறான். முறை வந்ததும் காவலன், “தகப்பன்ரை பிறப்புச் சான்றிதழ் எங்கை?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறான். அந்த அத்தியாயம் வந்த மாதம் பத்திரிகை மூன்று நாளில் விற்று முடிந்துவிட்டது. வதிவிட அனுமதிக்காகப் பிரிபெக்சர் வரிசையில் நின்ற எல்லோரும் தங்கள் கதையைத்தான் நீர் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் அச்சுக்கு முன் எனக்குத் திருத்தத் தருவீர். நமக்குள் நடந்த போர் நூறாண்டுப் போரைவிடக் கடுமையானது. காரணம் உருளைக்கிழங்கு.

“யோகன், உருளைக்கிழங்கு அமெரிக்காவிலை இருந்து வந்தது. மாறன் காலத்திலை ஐரோப்பாவிலை ஒருத்தரும் அதைக் கண்ணாலை கண்டிருக்கமாட்டினம். எடுத்துக்காட்டா, எங்கடை ஆச்சிமார் காலத்துக் கதையிலை ஒருத்தி கைத்தொலைபேசியிலை கதைச்சா எப்பிடியிருக்கும்?”

“அப்ப பசியோடை நிக்கிற படைக்கு நான் என்னத்தைப் போடுறது?”

“கோதுமைக் கஞ்சி. கோவா. போஞ்சி மாதிரி ஏதாவது… பொறும், போஞ்சியும் அமெரிக்காதான். பட்டாணி போடும்.”

“மிளகாய்?”

“அதுவும் இல்லை.”

“தக்காளி?”

“இல்லை.”

நீர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு பரிதாபப் பார்வை பார்த்தீர். “பாவம் மாஸ்ரர். உவங்கள் ஏன் நூறு வருசம் சண்டை பிடிச்சவங்கள் எண்டு இப்பத்தான் விளங்குது.”

மாதம் தவறாமல் நீர் உருளைக்கிழங்கை ஒளித்து வைப்பீர். மாதம் தவறாமல் நான் கண்டுபிடித்து வெட்டுவேன். ஒருமுறை அதை ‘மண்ணுக்கடியில் விளையும் பெயர் தெரியாத உருண்டைக் காய்’ என்று எழுதிக்கூடப் பார்த்தீர்.

இனிப் பரமோன் பிரபுவுக்கு வருகிறேன். கதையின் வில்லன். இரும்புக் கவசம், நொண்டிக் குதிரை, நீண்ட மூக்கு. வில்வீரர் கூட்டத்தின் பெரிய கிடாரத்தை, ‘உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் திருப்பித் தருவேன், இது வீரன் வாக்கு’ என்று சத்தியம் செய்து வாங்கிப் போய், தராமல் விட்ட பிரபு. கூழ் காய்ச்சப் பாத்திரம் இல்லாமல் அந்தக் கூட்டம் பிக்கார்டி முழுக்கப் பட்டினியோடு அவனைத் துரத்துகிறது.

லா சப்பலில் யாருக்கு விளங்காது? நீரும் உம்முடைய மனைவி மலரின் தமையன் பரமேசண்ணையும் சேர்ந்து முதலில் ஒரே கடைதான் நடத்தினீர்கள். பிரிந்தபோது பெயர்ப் பலகை உமக்கு, கிடாரம் அவருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த பித்தளைக் கிடாரம். ஒரு தைப்பொங்கலுக்குப் பிறகு மாறி மாறிப் பாவிப்போம் என்று பேசியதாக நீர் சொல்வீர். அப்படிப் பேசவேயில்லை என்று அவர் சொல்வார். அதன் பிறகு இரண்டு கடையும் தெருவின் இரண்டு பக்கத்தில். நடுவில் வாகனங்கள் போகும், பேச்சு மட்டும் போகாது.

“பரமோன் எண்டது சுத்தமான பிரெஞ்சுப் பெயர், மாஸ்ரர். பரமேசு மச்சானுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்.

“கடைசியிலை என்ன செய்யப் போறீர்?” என்று கேட்டேன்.

“கழுத்திலைதான் விடுவன்” என்றீர்.

இது உமக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த பேச்சு. உம்முடைய காரியங்கள் நடந்த நாட்களில் என்னை வாட்டியதும் இதுதான்.

உம்முடைய தகனத்துக்குப் பரமேசண்ணை வந்தவர், யோகன். உள்ளே வரவில்லை. வெளி வாசலில், மழைக்குள், குடையை விரிக்காமல் கையில் பிடித்தபடி நின்றுவிட்டுப் போய்விட்டார். மலர் கண்டவ.

பிறகு ஒரு நாள் வில்லியே லே பெல்லுக்கு, உம்முடைய வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டா. நம்முடைய முறைப்படி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் ஒரு நினைவு மலர் கொடுக்க வேண்டுமே. வழக்கமாக அதில் இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, நாலு தேவாரம், சமையல் குறிப்பு வரும். மலர் வேறு முடிவு எடுத்திருந்தா.

“தேவாரப் புத்தகம் எல்லார் வீட்டிலும் அடுக்கிக் கிடக்கு, மாஸ்ரர். இவரின்ரை கதையை முழுசா அச்சடிச்சுக் குடுப்பம். கடைசி அத்தியாயத்தை நீங்கள் எழுதுங்கோ.”

“நானோ?”

“வேறை ஆர்? இவர் எழுதினதிலை பாதி நீங்கள் வெட்டினதுதானே.”

சமையலறைக் கதவில் சாய்ந்து நின்ற உம்முடைய மகள் பிரெஞ்சில் கேட்டாள்: “கடைசியில் அந்தப் பிரபு சாகிறானா, இல்லையா?”

மலர் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு நின்றா. பிறகு மெல்லச் சொன்னா: “அண்ணையைக் கூப்பிட்டனான். ‘என்னைக் கொல்லுற புத்தகத்தை வாசல்லை வைச்சுச் சனத்துக்குக் குடுக்கப் போறியள், அதையும் வாங்கிக் கொண்டு நான் வந்து இருக்கோணுமோ’ எண்டு கேட்டவர். எனக்கு இஞ்சை பிறந்த வீட்டு ஆளெண்டு அவர் ஒருத்தர்தான், மாஸ்ரர்.”

இப்படி எழுதுங்கோ, அப்படி எழுதுங்கோ என்று ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குப் பாரமாகப் போயிற்று.

நீரே சொல்லும், நான் என்ன செய்வது? ஒரு பக்கம் உம்முடைய வாய்ச்சொல்: கழுத்தில்தான் விடுவேன். இறந்தவனின் கதையை மாற்ற நான் யார்? மறுபக்கம் உம்முடைய மனைவி, அண்ணனில்லாமல் அந்தியேட்டிக்கு இருக்கப் போகிறா. இடையில் சலூன் கத்தி.

முதலில் எதிரியின் பக்கத்தை அறிவோம் என்று பரமேசண்ணையின் கடைக்குப் போனேன். வடையும் தேத்தண்ணியும் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் அமர்ந்தார்.

“நான் அந்தக் கதையை வாசிக்கிறேல்லை, மாஸ்ரர். முதலே சொல்லிப்போட்டன்.”

“நல்லது.”

“ஆனா என்ரை குதிரை நொண்டியெண்டு ஏன் எழுதினவர்?”

“நீங்கள்தான் வாசிக்கிறேல்லையே.”

“சனம் சொல்லுது. ஏழாம் அத்தியாயத்திலை, பாலத்தடியிலை, வலது பின்னங்கால் நொண்டியாம். ஒன்பதாம் அத்தியாயத்திலை இடது காலாம். எந்தக் கால் எண்டாவது ஒரு முடிவுக்கு வரவேண்டாமோ?”

யோகன், அதை நானும் கவனிக்கவில்லை. உண்மைதான், கால் மாறியிருக்கிறது. உருளைக்கிழங்குக்கு அடியில் எத்தனையோ தப்பிவிட்டன.

“மூக்கு?” என்று அவரே தொடர்ந்தார். “என்ரை மூக்கு நீளமோ?”

அதற்கு நான் வடையைக் கடித்தேன். ஆசிரியர்கள் சில கேள்விகளுக்கு இப்படித்தான் விடை சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அம்பு கழுத்தில் இறங்குவதாக ஒரு முறை எழுதினேன். பரமோன் பிரபு சரிந்தபோது எனக்கு மழைக்குள் விரிக்காத குடை ஞாபகம் வந்தது. கிழித்தேன். மாறன் மனம் மாறி மன்னிப்பதாக எழுதினேன். அது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டி மாதிரி இருந்தது. அதையும் கிழித்தேன். மாறன் மட்டும் நாணை இழுத்தபடி நின்றான்.

அப்போதுதான் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். உண்மையிலேயே ஒரு வில்லாளி எவ்வளவு நேரம் அப்படி நிற்கலாம்? உமக்கு வில்லைப் பழக்கிய இடத்திலேயே கேட்போம் என்று ஒரு ஞாயிறு காலை புறப்பட்டேன்.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்: கதை எழுதத் தொடங்கியதும் நீர் உம்முடைய வீட்டுப் பக்கத்து வில்லாளர் சங்கம் ஒன்றில் சேர்ந்தீர். பாரிசைச் சுற்றி இன்னமும் இப்படிப் பழைய சங்கங்கள் இருக்கின்றன. மரங்களுக்கு நடுவே நீண்ட பாதை, இரு முனையிலும் ஒவ்வொரு இலக்கு. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் ‘செவாலியே’, அதாவது வீரரே, என்று அழைக்கிறார்கள். நீரும் செவாலியே யோகன் ஆனீர். அகப்பை பிடித்துத் திரண்ட கைதான், ஆனாலும் உம்முடைய முதல் அம்பு வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக் கோவாவில், முட்டைக்கோசில்தான், குத்தி நின்றதை நீர் என்னிடம் மறைத்துவிட்டீர். அடுத்த ஞாயிறு அந்தத் தோட்டக்காரருக்குக் கோவா வறை செய்து கொண்டுபோனீராம். சங்கத் தலைவர் ழெரார் சொன்னார். ஓய்வு பெற்ற தபால்காரர். உம்முடைய பெயரைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

நான் வந்த காரியத்தை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ஒரு வில்வீரன், கனமான வில், முழுதாக இழுத்த நாண். எவ்வளவு நேரம் நிற்பான்?

“அவன் எப்போதிருந்து நிற்கிறான்?” என்று ழெரார் கேட்டார்.

“போன மாதத்துப் பத்திரிகையிலிருந்து.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு வில்லை எடுத்து என் கையில் தந்தார். “நீங்களே பாருங்கள்.”

இழுத்தேன், யோகன். ஒரு மூச்சு சும்மா இருந்தது. இரண்டாம் மூச்சில் முழங்கை நடுங்கியது. எடுத்துக்காட்டாகச் சொன்னால், வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை கையை உயர்த்தும், ஆசிரியர் பார்க்கமாட்டார், பிள்ளை மற்றக் கையால் அந்தக் கையைத் தாங்கிப் பிடிக்கும். வில்லில் தாங்குவதற்கு மற்றக் கையும் இல்லை. விடவும் பயம், வைத்திருக்கவும் முடியாது. எனக்கு ஒரு கணம் மாறன் மேல் அல்ல, உம் மேல்தான் இரக்கம் வந்தது. இத்தனை வருடம் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று நீர் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது இதைத்தானா?

“இறக்குங்கள், இறக்குங்கள்” என்றார் ழெரார். “அதில் ஒரு குறைவும் இல்லை. எப்படியும் உங்கள் அம்பு செல்லாது. நீங்கள் வணக்கம் சொல்லவில்லையே.”

“என்ன வணக்கம்?”

முதல் அம்பு விடுமுன் வில்லாளி தொப்பியைக் கழற்றி, எதிரே நிற்கிறவர்களுக்கு ‘உங்களை வணங்குகிறேன்’ என்று சொல்ல வேண்டும். அவர்கள் பதில் வணக்கம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அம்பு. சொல்லாமல் விட்ட அம்பு, இலக்கின் நடுவில் குத்தினாலும், அவர்கள் தளத்தில் சேர்த்தியில்லை.

நான் வில்லைக் கீழே வைத்தேன். திரும்பும் ரயில் பிடிக்கக்கூட மறந்துவிட்டேன். ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த விதி. நீரே எழுதியது! மூன்றாம் அத்தியாயத்தில், மாறன் வில்வீரர் கூட்டத்தில் சேரும் நாளில், கூட்டத் தலைவன் அவன் தோளில் தட்டிச் சொல்கிறான்: “வணங்காமல் விட்ட அம்பு திருடன் அம்பு. அதற்கு எங்கள் கூட்டத்தில் இடமில்லை.” நீர் கடைசியாக எழுதிய அத்தியாயத்திலோ மாறன் பாலத்தில் பரமோனைக் கண்டதும், ஆத்திரத்தில், வணக்கம் சொல்லாமலே நாணை இழுக்கிறான். நான் அதைப் படித்தபோது அவன் பையில் உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

யோகன், நீர் மறந்துதான் விட்டீரா? அல்லது மறந்ததுபோல் விட்டு வைத்தீரா? இதை யாரிடம் கேட்பேன்?

எழுதி முடித்தேன். மாறன் நாணை இறக்குகிறான். தலைக் குல்லாவைக் கழற்றுகிறான். “பரமோன் பிரபுவே, உம்மை வணங்குகிறேன்” என்கிறான். வீரன் என்று சத்தியம் செய்தவன் பதில் வணக்கம் சொல்லாமல் இருக்க முடியாது. பிரபு இரும்பு முகமூடியை மேலே தூக்குகிறான். உள்ளே, இத்தனை அத்தியாயமாய் யாரும் காணாத ஒரு களைத்த முகம். “நானும் வணங்குகிறேன்.” இனி மாறன் விடலாம், முறைப்படி. விடுகிறான். அம்பு, குதிரையின் பின்னால் கட்டித் தொங்கிய கிடாரத்தில் பட்டு ‘டாங்’ என்கிறது. மூன்று கிராமத்துக்குச் சாப்பாட்டு மணி அடித்த மாதிரிக் கேட்கிறது. பயந்த குதிரை உட்கார்ந்துவிட, பிரபு ஆற்றுக்குள் விழுகிறான். அவனைத் தூக்கப் பட்டினி கிடந்த கூட்டம் முழுவதும் ஓடுகிறது, கிடாரத்தைத் தூக்க அதைவிட வேகமாக ஓடுகிறது.

மலர் வாசித்தா. கண்ணாடியைத் துடைத்தா. “அச்சுக்குக் குடுங்கோ” என்றா. ஒரு பிரதியைப் பரமேசண்ணையின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன். “வாசிக்கமாட்டன்” என்று சொல்லிக்கொண்டே அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அந்தியேட்டி அன்று மண்டபத்தில் சனம் நிறைந்துவிட்டது. ஐயர் வந்துவிட்டார். உம்முடைய படத்துக்கு மாலை போட்டாயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு கடையில் சொல்லியிருந்தோம். வாசல் பக்கம் மலர் பார்க்கும்போதெல்லாம் நானும் பார்த்தேன். பரமேசண்ணையைக் காணவில்லை.

வந்தது ழெரார். கூடவே நாலு வில்லாளர்கள். காற்சட்டை முதல் தொப்பி வரை ஐவரும் வெள்ளை. அது அவர்கள் சங்கத்தின் பழைய உடை என்று எனக்குத் தெரியும். வாசலில் நின்ற ஒரு பெரியவருக்குத் தெரியாதே. அவர் கண் கலங்கிவிட்டது.

“பாருங்கோ மாஸ்ரர், பிரெஞ்சுக்காரர் எண்டாலும் முறை தெரிஞ்சு வெள்ளை உடுத்து வந்திருக்கினம். எங்கடை பெடியள் ஜீன்சோடை நிக்கிறாங்கள்.”

நான் மறுக்கவில்லை. அவர் உடனே ஐவரையும் கூட்டிக்கொண்டுபோய் முன் வரிசையில், உறவினருக்கு ஒதுக்கிய இடத்தில் இருத்திவிட்டார்.

அப்போது பின்பக்கம் வாகனச் சத்தம். இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், யோகன். கிடாரம். புளி போட்டு மினுக்கிய பித்தளை. உள்ளே ஆவி பறந்தது. பின்னால் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பரமேசண்ணை.

நேரே என்னிடம் வந்து, கிடாரத்தின் விலாவில் இருந்த ஒரு நெளிவைக் காட்டினார். “பாத்தியளே மாஸ்ரர்? உங்கடை மாறன்ரை அம்பு பட்ட இடம்.”

“அது கப்பலாலை இறக்கேக்கை பட்ட நெளிவெல்லோ?”

“கதை தெரியாமல் கதையாதேங்கோ.”

மலர் எழும்பி வந்தா. தமையனைப் பார்க்கவில்லை, கிடாரத்துக்குள் பார்த்தா.

“உப்புப் பாத்தனீங்களோ?”

“நீ பார்” என்று அகப்பையை நீட்டினார்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிய பேச்சு முழுவதும் இவ்வளவுதான். மலர் உப்புப் பார்த்தா. பிறகு சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டா. உப்புச் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஐயர் முடித்ததும் ழெரார் எழுந்து உம்முடைய படத்துக்கு முன் போனார். ஓர் அம்பைப் படையலுக்குப் பக்கத்தில் வைத்தார். தொப்பியைக் கழற்றி, “செவாலியே யோகன், உங்களை வணங்குகிறேன்” என்று சொல்லிவிட்டு நின்றார். அப்படியே நின்றார். அவர்கள் முறைப்படி பதில் வணக்கம் வர வேண்டும். யார் சொல்வது? மண்டபம் முழுவதும், நாணை இழுத்துப் பிடித்த மாதிரி.

“நானும் வணங்குகிறேன், செவாலியே.”

நல்ல பிரெஞ்சில் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பரமேசண்ணை, அகப்பையை நெஞ்சோடு வைத்தபடி, உம்முடைய படத்துக்குப் பக்கத்தில் நின்றார். மூன்றாம் அத்தியாயத்தையும் அவர் வாசிக்கவில்லைதானாம்.

பிறகு சாப்பாடு. சலூன் தம்பி என் பக்கத்தில் இருந்து, “கழுத்திலை விட்டிருக்கலாம்” என்று முறைப்பட்டபடி மூன்றாம் முறையும் கத்தரிக்காய்க் கறி வாங்கினார். அந்தக் கறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீர் சொன்னது சரி. அந்தக் கிடாரத்தில் வைத்தால் ருசி வேறுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்துப் பாரும். பரமோன் பிரபுவை ஆற்றிலிருந்து தூக்கித் துவட்டியபின், எல்லோருமாகக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றுகிறார்கள். அதற்குள் என்ன போடுகிறார்கள் என்று பார்த்தீரா? உருளைக்கிழங்கு. வெளிப்படையாக, பெயர் சொல்லி. அச்சகத்தார் போட்டதல்ல, மலர் போட்டதல்ல. நான் போட்டேன். யாராவது வரலாறு தெரிந்தவர் வந்து கேட்டால், அரபுக் கப்பல்காரன் ஏஜென்சியில் கொண்டுவந்து இறக்கியது என்று சொல்வேன்.

வாக்கு ஒன்று தருகிறேன். வருடா வருடம் உம்முடைய திவசத்துக்கு அந்தக் கிடாரம் தெருவைக் கடந்து வரும். தெருவின் நடுவில் வாகனங்களை மறித்து நிற்பது என் பொறுப்பு. குதிரைக்கு எந்தக் கால் நொண்டி என்பதை மட்டும் அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன். பரமேசண்ணை விடுகிறார் இல்லை. உருளைக்கிழங்கில் கை வைக்கமாட்டேன்.

உம்மை வணங்குகிறேன், செவாலியே. பதில் வணக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது, அவசரமில்லை.

உம்முடைய கதையை வெட்டியும், கறியை வெட்டாமல் உண்டும் வாழ்ந்த,
கூடப்பிறவாத அண்ணன்,
மாஸ்ரர்